ஆண்ட்ராய்டு போனை ரூட் செய்வது: எப்போது தகும், எப்போது தகாது

ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். லினக்ஸில் எல்லா அதிகாரமும் கொண்ட ஒரு பயனர் உண்டு. அவருடைய எண் 0, பெயர் ரூட். கணினியில் லினக்ஸ் நிறுவுகிறவர் அந்த அதிகாரத்தைத் தானே வைத்துக்கொள்கிறார். போனில் அப்படி இல்லை. காசு கொடுத்து வாங்கியவருக்கு அது கொடுக்கப்படுவதே இல்லை. நிறுவப்படும் ஒவ்வொரு செயலிக்கும் 10000 முதல் தொடங்கும் வரிசையில் ஒரு தனிப் பயனர் எண் ஒதுக்கப்படுகிறது. ஒரு செயலி இன்னொன்றின் கோப்புகளைத் தொட முடியாது. போனின் சொந்தக்காரரும் செட்டிங்ஸ் பக்கம் அனுமதிக்கும் அளவைத் தாண்டிப் போக முடியாது. இந்த வேலியைக் கடந்து ரூட் அதிகாரத்தைத் தன் கைக்குக் கொண்டுவருவதுதான் ரூட் செய்தல்.

செய்யலாமா கூடாதா என்ற கேள்வியில் மூன்று தனித்தனி வேலைகள் எப்போதும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. முதலாவது, போனைக் கிளப்பிவிடும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறப்பது. அதாவது, நிறுவனம் கையொப்பமிடாத மென்பொருளையும் போன் ஏற்றுக்கொள்ளும்படி செய்வது. இரண்டாவது, நிறுவனம் தந்த இயங்குதளத்தை அகற்றிவிட்டு வேறொரு இயங்குதளத் தொகுப்பை, அதாவது ரோமைப் போடுவது. மூன்றாவதுதான் ரூட். ஒன்றைச் செய்தால் மற்றதும் செய்தாக வேண்டும் என்பதில்லை. லினியேஜ்ஓஎஸ் என்ற ரோம் ரூட் இல்லாமல்தான் வருகிறது. கிராஃபீன்ஓஎஸ் என்ற இன்னொரு ரோம் ரூட்டைக் கொள்கையாகவே எதிர்க்கிறது. நிறுவன ரோமை அப்படியே வைத்துக்கொண்டு ரூட் மட்டும் செய்தவர்களும் ஏராளம். இந்த மூன்றின் பலனும் வேறு, கொடுக்க வேண்டிய விலையும் வேறு. பிரித்துப் பார்த்தால், ரூட் வேண்டும் என்று தொடங்குகிற பலருக்கு உண்மையில் தேவைப்படுவது அதைவிடச் சிறிய ஒன்று என்பது தெரியவரும்.

ஓட்டை வழியே நுழைந்த காலம்

முதல் ஆண்ட்ராய்டு போனான எச்டிசி டிரீம் 2008 அக்டோபரில் டி-மொபைல் ஜி1 என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அடுத்த மாதமே அதில் ஒரு விசித்திரமான பிழை வெளிப்பட்டது. விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் அந்த எழுத்துகள், திரைக்குப் பின்னால் ரூட் அதிகாரத்தோடு ஓடிக்கொண்டிருந்த ஒரு கட்டளைச் சாளரத்துக்கும் போய்க்கொண்டிருந்தன. நண்பருக்குச் செய்தி எழுதும்போது ‘ரீபூட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டி என்டர் விசையை அழுத்தினால், போன் நிஜமாகவே அணைந்து மறுபடி கிளம்பியது. கூகுள் விரைவில் அதைத் திருத்திவிட்டது. ஆனால் அதற்குள் அந்த வழியாகவே ரூட் அதிகாரம் பெற்று, போனைத் தங்கள் விருப்பப்படி மாற்றியமைத்த ஒரு கூட்டம் உருவாகிவிட்டது.

அதன் பிறகு பல ஆண்டுகளுக்கு ரூட் என்றாலே பாதுகாப்பு ஓட்டை ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து அதன் வழியே நுழைவதுதான். 2014-இல் ஹேக்கர் ஜார்ஜ் ஹாட்ஸ் வெளியிட்ட டவல்ரூட், லினக்ஸ் கெர்னலின் ஃப்யூடெக்ஸ் பகுதியில் இருந்த பிழையைப் பயன்படுத்தியது. ஒரே ஒரு பொத்தானைத் தொட்டால் போதும், ரூட் கிடைத்துவிடும். இந்த வசதியின் மறுபக்கத்தை அப்போது பலர் கவனிக்கவில்லை. போன்காரர் நுழையும் ஓட்டை வழியே மற்றவர்களும் நுழையலாம். ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி கேஜ் என்ற ரூட் நிரல் 2010-இல் ஆர்வலர்களுக்குப் பெரும் உதவியாக இருந்தது. 2011 மார்ச்சில் டிராய்டுட்ரீம் என்ற தீநிரல் அதே நிரலைத் தன்னுள் வைத்துக்கொண்டு, ஆண்ட்ராய்டு மார்க்கெட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட செயலிகளில் ஒளிந்து வந்தது. 2016-இல் தெரியவந்த டர்ட்டி கவ் ஓட்டைக்கும் இதே கதைதான்: முதலில் ரூட் செய்ய உதவியது, மறு ஆண்டு தீநிரலின் கைக்குப் போனது. இன்றும் ‘ஒரே தொடுதலில் ரூட்’ என்று விளம்பரம் செய்யும் செயலிகள் உலவுகின்றன. மூலநிரல் வெளியிடப்படாத ஒரு செயலி, பாதுகாப்பு ஓட்டை ஒன்றை உடைத்துக்கொண்டு உள்ளே போய், போனின் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்கிறது. பின்பு அந்த அதிகாரத்தை உண்மையில் யாரிடம் ஒப்படைக்கிறது என்பதைப் போன்காரரால் சரிபார்க்க வழியே இல்லை. இவற்றை எந்தச் சூழலிலும் தொடக் கூடாது.

ரோம் மாற்றும் மரபும் இதே காலத்தில் வளர்ந்தது. ஸ்டீவ் காண்டிக் 2009-இல் தொடங்கிய சயனோஜென்மாட் அதன் மையமாக இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில், ஜிமெயில், யூடியூப் போன்ற தன் சொந்தச் செயலிகளை அதில் சேர்த்து வழங்கக் கூடாது என்று கூகுள் சட்ட அறிவிப்பு அனுப்பியது. ரோம் ஒரு கோப்பு, கூகுள் செயலிகள் தனிக் கோப்பு என்று இன்றுவரை தொடரும் ஏற்பாடு அப்போது பிறந்ததுதான். 2013-இல் அது ஒரு நிறுவனமாக மாறியது. 2014-இல் வந்த ஒன்பிளஸ் ஒன் போனில் சயனோஜென் ஓஎஸ் கடையிலேயே போடப்பட்டு வந்தது. இந்தியாவில் அந்த உரிமையைத் தனக்கு மட்டும் என்று மைக்ரோமேக்ஸ் பெற்றிருந்ததால், 2014 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒன்பிளஸ் விற்பனைக்குத் தடை விதிக்கும் அளவுக்கு விவகாரம் போனது; மேல் அமர்வு விரைவிலேயே அந்தத் தடையை நீக்கியது. 2016 இறுதியில் சயனோஜென் நிறுவனம் சேவைகளை மூடியது. அதன் மூலநிரலை எடுத்துக்கொண்டு தன்னார்வலர்கள் தொடங்கியதே லினியேஜ்ஓஎஸ். ஒரு நிறுவனம் விழுந்தும் அதன் வேலை பிழைத்துக்கொண்டதற்குக் காரணம் மூலநிரல் திறந்திருந்ததுதான்.

பூட்டும் அதன் காரணமும்

இன்றைய போனில் நிலைமை வேறு. போனை இயக்கியதும் சிப்புக்குள் எரித்துவைக்கப்பட்ட சாவி பூட்லோடரின் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. பூட்லோடர் கெர்னலைச் சரிபார்க்கிறது. கெர்னல், இயங்குதளக் கோப்புகள் இருக்கும் சிஸ்டம் பார்ட்டிஷனைப் பகுதி பகுதியாகப் படிக்கும்போதே சரிபார்க்கிறது. 2013-இல் ஆண்ட்ராய்டு 4.4-இல் தொடங்கிய இந்த முறை, 2016-இல் வந்த 7-ஆம் பதிப்பில் கண்டிப்பானது. பழைய முறையில் சிஸ்டம் பார்ட்டிஷனுக்குள் ஒரு கோப்பை வைத்து ரூட் செய்தால், இன்று அந்தப் போன் கிளம்பவே மறுத்துவிடும்.

இதற்கு மாற்றுவழி கண்டவர் தைவானைச் சேர்ந்த ஜான் வூ. 2016-இல் அவர் வெளியிட்ட மேஜிஸ்க், சிஸ்டம் பார்ட்டிஷனை விட்டுவிட்டு, போனைக் கிளப்பும் கோப்பான பூட் இமேஜை மட்டும் மாற்றுகிறது. போன் கிளம்பும் தருணத்தில் உள்ளே புகுந்து, தேவையான மாற்றங்களை அசல் கோப்புகளின் மேல் ஒரு திரை விரிப்பதுபோல் போர்த்திவிடுகிறது. கீழே உள்ளவை அப்படியே இருக்கின்றன. எடுத்துவிட்டால் பழைய நிலை திரும்பிவிடும். ஜான் வூ 2021-இல் கூகுளின் ஆண்ட்ராய்டு பாதுகாப்புக் குழுவிலேயே சேர்ந்தார். மேஜிஸ்க் திறமூலமாகவே தொடர்கிறது. கெர்னலுக்குள்ளேயே ரூட் அதிகாரத்தை அமைக்கும் கெர்னல்எஸ்யூ பின்னர் வந்த இன்னொரு வழி.

எந்த வழியானாலும் மாற்றிய பூட் இமேஜைப் போன் ஏற்க வேண்டுமானால் பூட்லோடர் திறந்திருக்க வேண்டும். ஆகவே இன்று முதல் முடிவு ரூட் பற்றியதல்ல, பூட்லோடர் பற்றியது. திறக்கும் நடைமுறை கூகுளின் பிக்ஸல் போனில் எளிது: அபௌட் போன் பக்கத்தில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் தெரியும், அங்கே ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ பொத்தானை இயக்கி, போனை ஃபாஸ்ட்பூட் நிலையில் கணினியோடு இணைத்து ஒரு கட்டளை கொடுத்தால் முடிந்தது. அந்தக் கணமே போனில் உள்ள படங்கள், செய்திகள், கோப்புகள் அனைத்தும் அழிக்கப்படும். இது தண்டனை அல்ல. திருடியவர் பூட்லோடரைத் திறந்து உள்ளே இருப்பதைப் படித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அன்று முதல் போனை இயக்கும் ஒவ்வொரு முறையும், இந்தப் போனின் மென்பொருளைச் சரிபார்க்க இயலவில்லை என்ற எச்சரிக்கை முதலில் வந்து நிற்கும்.

மற்ற நிறுவனங்களின் போன்களில் இவ்வளவு எளிதல்ல. ஷாவ்மி போனைக் கணக்கோடு பிணைத்துவிட்டுக் காத்திருக்கச் சொல்லும். 168 மணி நேரம் என்பது பல ஆண்டுகளாகப் பலர் பார்த்த எண். 2023 இறுதியில் அதன் புதிய இயங்குதளமான ஹைப்பர்ஓஎஸ் வந்த பிறகு நிபந்தனைகள் மேலும் இறுகின. ஹுவாவே 2018-இல் திறப்புக் குறியீடு தருவதையே நிறுத்திவிட்டது. சாம்சங்கின் பல மாடல்களில் நீண்ட காலம் திறக்க முடிந்தது. 2025-இல் அதன் ஒன் யூஐ 8 மென்பொருள் வந்தபின் புதிய போன்களில் அந்தத் தெரிவே காணாமல் போயிற்று. சாம்சங்கில் இன்னொரு விஷயமும் உண்டு. சிப்புக்குள் நாக்ஸ் என்ற பெயரில் ஒரு மின் ஃப்யூஸ் இருக்கிறது. அந்நிய மென்பொருள் முதன்முறை ஓடும்போது அது எரியும். எரிந்தால் எந்த சர்வீஸ் சென்டரிலும் அதைத் திரும்ப ஒட்ட முடியாது. அத்துடன் செக்யூர் ஃபோல்டரும் சாம்சங்கின் பணப் பரிமாற்ற வசதியும் அந்தப் போனை விட்டு நிரந்தரமாகப் போய்விடும். ஆக, பூட்லோடரைத் திறக்கலாமா என்ற முடிவின் பாதி, போனை வாங்கும்போதே எடுக்கப்பட்டுவிடுகிறது.

எதற்காக ரூட்?

ஒரு காலத்தில் தமிழ் படிக்கவே ரூட் தேவைப்பட்டது. ஆண்ட்ராய்டு 2 வரிசைப் போன்கள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத்தான் தெரிந்தன. ஓப்பரா மினி உலாவியில் எழுத்துகளைப் படமாக வரவழைக்கும் ஓர் அமைப்பை இயக்கிப் படித்தவர்கள் உண்டு. மற்றவர்கள் போனை ரூட் செய்து, சிஸ்டம் கோப்புறைக்குள் ஒரு தமிழ் எழுத்துருவை வைத்தார்கள். அப்படியும் முழுப் பலன் கிடைக்கவில்லை. எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் பகுதி ஆண்ட்ராய்டில் தமிழுக்கு இல்லாததால், ‘கொ’ என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. தாய்மொழியில் ஒரு செய்தியைப் படிப்பதற்காக வாரண்டியைப் பணயம் வைக்க வேண்டியிருந்த காலம் அது. அந்தத் தலைமுறைக்கு ரூட் ஒரு பொழுதுபோக்கல்ல, தேவை.

அந்தத் தேவைகளில் பெரும்பகுதியை ஆண்ட்ராய்டே பின்னர் நிறைவேற்றிவிட்டது. ஒவ்வொரு செயலிக்கும் அனுமதியைத் தனித்தனியாக மறுக்கும் வசதி 2015-இல் 6-ஆம் பதிப்பில் வந்தது. விளம்பரங்களை மறிப்பதற்கு முன்பு ரூட் செய்து ஹோஸ்ட்ஸ் கோப்பை மாற்றினார்கள். 9-ஆம் பதிப்பிலிருந்து ‘பிரைவேட் டிஎன்எஸ்’ அமைப்பில் விளம்பரம் மறிக்கும் சேவை ஒன்றின் முகவரியை எழுதினால் பெரும்பகுதி நின்றுவிடுகிறது. பேட்டரியை 80 சதவீதத்தோடு சார்ஜ் நிறுத்தும் வசதி இன்று பல போன்களில் செட்டிங்ஸிலேயே உள்ளது.

போனோடு வரும் வேண்டாத செயலிகளை நீக்குவதுதான் இன்று ரூட்டுக்குச் சொல்லப்படும் முதல் காரணம். விலை குறைந்த போன்களில் இவை குவிந்து கிடப்பதும், சில நேரங்களில் அறிவிப்புப் பட்டியில் விளம்பரம் அனுப்புவதும் உண்மையான தொல்லைதான். ஆனால் இதற்கு ரூட் வேண்டியதில்லை. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி டிபக்கிங்கை இயக்கி, கணினியிலிருந்து ஏடிபி என்ற கட்டளைக் கருவி வழியாக, குறிப்பிட்ட செயலியைப் பயனர் 0-க்கு மட்டும் நீக்கு என்று ஒரு வரி எழுதினால் போதும். இங்கே 0 என்பது ரூட் அல்ல, போனின் முதல் கணக்கு. செயலி திரையிலிருந்தும் இயக்கத்திலிருந்தும் போய்விடும். அதன் கோப்பு சிஸ்டம் பார்ட்டிஷனில் அப்படியே இருப்பதால் சேமிப்பிடம் மிச்சமாகாது. போனை ஃபேக்டரி ரீசெட் செய்தால் திரும்பி வந்துவிடும். தவறாக எதையாவது எடுத்துவிட்டால் காப்பாற்றுவதும் இதே குணம்தான். தொலைபேசி, சிஸ்டம் யூஐ போன்றவற்றைத் தொடாமல், ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது நல்லது.

உண்மையிலேயே ரூட் இல்லாமல் ஆகாதவை சிலவே. செயலிகளின் உள்தரவுகளோடு முழு பேக்கப் எடுப்பது அவற்றில் முதன்மையானது. தன் தரவைத் தானே பிரதி எடுக்கப் போன்காரருக்கு அனுமதி இல்லை என்பது இந்த இயங்குதளத்தின் மிகப் பெரிய குறை, அது இன்றும் தீரவில்லை. 2022 மே மாதத்தில் பிளே ஸ்டோர் விதிகளால் முடக்கப்பட்ட அழைப்புப் பதிவுச் செயலிகள், கெர்னல் அமைப்புகளை மாற்றுதல், ஒரு செயலி பின்னணியில் என்ன செய்கிறது என்று ஆராய்தல் ஆகியவை அடுத்தவை. ஒரு காலத்தில் கேமராவும் இந்தப் பட்டியலில் இருந்தது. பல ரெட்மி போன்களில் கேமராவின் முழு இடைமுகம் மூடிவைக்கப்பட்டிருந்தது. ஒரு வரியை மாற்றி அதைத் திறந்தால் கூகுள் கேமரா செயலியைப் போட்டு, அதே போனில் இரவுப் படங்களைத் தெளிவாக எடுக்க முடிந்தது. பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய்ப் போனுக்குப் புதுக் கண் கிடைத்ததுபோல் இருந்த அந்த மகிழ்ச்சிக்காகவே பூட்லோடரைத் திறந்தவர்கள் இந்தியாவில் அதிகம்.

பழைய போனும் புதிய ரோமும்

ரோம் மாற்றுவதற்கான காரணம் இன்னும் வலுவாக நிற்கிறது. நன்றாக ஓடுகிற போனுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகளில் பாதுகாப்பு அப்டேட் நிறுத்தப்படுவது நீண்ட காலம் வழக்கமாக இருந்தது. கூகுள் 2023-இல் பிக்ஸல் 8-க்கும் சாம்சங் 2024-இல் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு ஆண்டு அப்டேட் அறிவித்தன. விலை குறைந்த போன்கள் பலவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அப்டேட் நின்ற போனில் லினியேஜ்ஓஎஸ் போட்டால் மாதாந்தரத் திருத்தங்கள் மீண்டும் வரத் தொடங்கும். விண்டோஸ் மொபைலோடு 2009-இல் வெளிவந்த எச்டிசி எச்டி2-வில் ஆண்ட்ராய்டை ஓடவைத்தவர்களும் ரோம் தயாரிக்கும் ஆர்வலர்கள்தான்.

இதிலும் ஓர் எல்லை உண்டு. அதைப் பலர் அறிவதில்லை. ரோம் தயாரிப்பவரால் ஆண்ட்ராய்டைப் புதுப்பிக்க முடியும், கெர்னலை ஓரளவு திருத்த முடியும். மோடம், கிராஃபிக்ஸ், சிப்பின் பாதுகாப்பு மண்டலம் ஆகியவற்றுக்கான மென்பொருள் சிப் நிறுவனத்தின் கையில் மூடிக்கிடக்கிறது. அதற்கான திருத்தம் வராவிட்டால் யாராலும் கொடுக்க முடியாது. ஆகவே செட்டிங்ஸில் இந்த மாதத் தேதி தெரிந்தாலும் அது போனின் ஒரு பாதிக்குத்தான் பொருந்தும். லினியேஜ்ஓஎஸ் தன் பக்கத்தில் ‘வெண்டர் பாதுகாப்பு நிலை’ என்று தனித் தேதியைக் காட்டுவது இந்த நேர்மைக்காகவே. அப்படியிருந்தும், எந்தத் திருத்தமும் பெறாத போனைவிடப் பாதித் திருத்தம் பெறும் போன் மேல்.

ரோமைத் தேர்ந்தெடுக்கும்போது அதைப் பராமரிப்பவர் யார் என்பதுதான் முக்கியக் கேள்வி. ஒரு மாடலுக்கான ரோம் பெரும்பாலும் ஒன்றிரண்டு தன்னார்வலர்களின் உழைப்பு. அவர்கள் போனை மாற்றிவிட்டால் அப்டேட் நின்றுவிடும். 2025 ஜூனில் ஆண்ட்ராய்டு 16-இன் மூலநிரல் வெளிவந்தபோது பிக்ஸல் போன்களுக்கான வன்பொருள் சார்ந்த கோப்புகளை கூகுள் அதோடு தரவில்லை; அத்தனை ஆண்டுகளாக ரோம் தயாரிப்பாளர்கள் நம்பியிருந்த அடித்தளம் அது. திட்டத்தின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் உள்ள மாடலா, கடைசி அப்டேட் எப்போது, கேமராவும் கைரேகையும் 4ஜி வழியே பேசும் வோல்ட்டி அழைப்பும் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகே இறங்க வேண்டும். ஜியோ எண் வைத்திருப்பவருக்கு வோல்ட்டி இல்லாத ரோம் என்றால் சாதாரண அழைப்பே கிடையாது.

வங்கிச் செயலியும் யூபிஐயும்

இந்தியாவில் இந்தக் கேள்வியின் எடை கூடியதற்குக் காரணம் 2016-இல் வந்த யூபிஐ. டீக்கடை முதல் மின்கட்டணம் வரை போனிலேயே நடக்கும்போது, பணம் அனுப்பும் செயலி திறக்காத போன் பலருக்குப் போனே அல்ல.

ரூட் செய்த போனில் வங்கிச் செயலிகள் பல திறக்க மறுக்கின்றன. போன் ரூட் செய்யப்பட்டது என்பதைச் செயலி எப்படிக் கண்டுபிடிக்கிறது? முன்பு ரூட் கோப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடியது. அதை மறைப்பது எளிதாக இருந்தது. பிறகு கூகுளின் சேஃப்டிநெட் என்ற சோதனை வந்தது, இப்போது அதன் இடத்தில் பிளே இன்டெக்ரிட்டி. போனின் சிப்புக்குள் இருக்கும் சாவி, பூட்லோடர் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைக் கையொப்பமிட்டுச் சொல்கிறது. அந்தப் பதிலை மென்பொருளால் பொய்யாக்குவது கடினம். அடிப்படை, சாதனம், வலுவானது என்று மூன்று நிலைகளில் தீர்ப்பு வரும். எந்த நிலையைக் கேட்பது என்பது வங்கியின் விருப்பம். கவனிக்க வேண்டியது: ரூட் செய்யாமல் பூட்லோடரை மட்டும் திறந்திருந்தாலும் தீர்ப்பு மோசமாகத்தான் வரும். வங்கிச் செயலிகளோடு நிற்பதுமில்லை. கூகுள் மெசேஜஸில் ஆர்சிஎஸ் செய்திகள் 2024 முதல் இத்தகைய போன்களில் போவதில்லை. சில மாடல்களில் படங்களின் நகல் பாதுகாப்பான வைட்வைன் நிலை இறங்கி, நெட்ஃபிளிக்ஸ் படம் குறைந்த தெளிவில்தான் ஓடும்.

இந்தச் சோதனையை ஏமாற்ற மேஜிஸ்கில் போடும் தொகுப்புகள் கிடைக்கின்றன. ஏதோ ஒரு போனிலிருந்து கசிந்த சாவியைக் கொண்டு அவை தங்களை நல்ல போனாகக் காட்டிக்கொள்கின்றன. கூகுள் அந்தச் சாவியை ரத்து செய்ததும் இன்னொரு சாவியைத் தேட வேண்டும். காலையில் வேலை செய்த செயலி மாலையில் பெட்ரோல் பங்கில் நிற்கும்போது திறக்காமல் போகலாம். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. வங்கிச் செயலியை ஓடவைப்பதற்காக, யார் எழுதியதென்று தெரியாத ஒரு தொகுப்புக்கு, அந்த வங்கிச் செயலி இருக்கும் போனிலேயே, ரூட் அதிகாரம் கொடுக்கப்படுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, பணம் புழங்கும் போனில் ரூட் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லலாம்.

அதே நேரத்தில் இந்தச் சோதனை நியாயமானதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளாக எந்தத் திருத்தமும் பெறாத, ஓட்டைகள் நிறைந்த ஒரு போன், பூட்லோடர் மூடியிருக்கிறது என்பதாலேயே ‘சாதனம்’ நிலையில் தேறிவிடுகிறது. இந்த மாதத் திருத்தத்தோடு, பூட்லோடரை மீண்டும் பூட்டி ஓடும் கிராஃபீன்ஓஎஸ் போன், கூகுளின் உரிமம் பெறாதது என்பதாலேயே தோற்கிறது. 2025 மே முதல் ‘வலுவானது’ நிலைக்கு, ஆண்ட்ராய்டு 13-உம் அதற்கு மேலும் உள்ள போன்களில், ஓராண்டுக்குள் வந்த பாதுகாப்பு அப்டேட் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்திருக்கிறது. நல்ல திருத்தம், ஆனால் பாதிதான். கிராஃபீன்ஓஎஸின் சொந்தச் சாவியை வங்கிகள் நேரடியாகச் சரிபார்க்கத் தொழில்நுட்ப வழி இருக்கிறது. வங்கிகள் அதைப் பயன்படுத்த முன்வர வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் உரிமம் சோதிக்கப்படும்வரை, போனின் சொந்தக்காரர் என்ற சொல்லுக்கு முழுப் பொருள் கிடையாது.

கெட்டுப்போகும் விதங்கள்

பூட்லோடர் திறந்த போன் ஒருவர் கையில் சில நிமிடம் சிக்கினால், அவர் கணினியோடு இணைத்துச் சிஸ்டத்தை மாற்றிவிடலாம். உள்ளே இருக்கும் படங்களும் கோப்புகளும் திரைப்பூட்டின் பின் எண்ணோடு பிணைத்து மறையாக்கம் செய்யப்பட்டவை. அவற்றை உடனே படிக்க முடியாது. ஆனால் மாற்றப்பட்ட சிஸ்டம், போன்காரர் அடுத்த முறை பின் எண்ணைத் தட்டும்போது அதைக் குறித்துவைத்துக்கொள்ளும். பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு வரும் போனில் இது கற்பனை ஆபத்தல்ல.

அடுத்தது, போன் ‘டெட்’ ஆவது. கிளம்பிக் கிளம்பி லோகோவிலேயே நிற்கும் பூட்லூப் பெரும்பாலும் சரிசெய்யக் கூடியதே. அசல் பூட் இமேஜ் கையில் இருந்தால் சில நிமிட வேலை. பழைய பதிப்புக்குத் திரும்பப் போய் மாட்டுவதுதான் கொடியது. பழைய ஓட்டையுள்ள பதிப்பைப் போட முடியாதபடி சிப்பில் ஓர் எண் ஏற்றப்பட்டிருக்கும். அது குறையாது, கூட மட்டுமே செய்யும். இந்தியாவில் மிகப் பரவலாக விற்ற ரெட்மி நோட் 5 புரோவில் 2018-இல் இந்தத் தடை வந்தபோது, தெரியாமல் ஷாவ்மியின் பழைய மியூஐ பதிப்பைப் போட்டவர்களின் போன் ஒரேயடியாக நின்றுபோனது. குவால்காமின் அவசர நிலை வழியாக அதை எழுப்ப, நிறுவன அனுமதி பெற்ற கணக்கு தேவை. பிக்ஸல் 6 வரிசையும் 2022-இல் ஆண்ட்ராய்டு 13-க்குப் போனபின் 12-க்குத் திரும்ப முடியாமல் பூட்டப்பட்டது.

மூன்றாவது, ஐஎம்இஐ எண் காணாமல் போவது. அது இருக்கும் சிறு பார்ட்டிஷன் ரோம் மாற்றும் அவசரத்தில் அழிந்துவிட்டால், சிம் கார்டு போட்டும் சிக்னல் வராது. முன்கூட்டியே அதைப் பேக்கப் எடுத்துவைத்தவர் திரும்ப ஏற்றிக்கொள்வார். எடுக்காதவர் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுத் தரும் கடைக்குப் போனால் அது குற்றம்: ஐஎம்இஐ எண்ணை மாற்றுவதற்கு மூன்று ஆண்டு வரை சிறை என்று 2017-இலேயே இந்தியாவில் விதி வந்துவிட்டது.

யாருக்கு எது

ஒரே போன், அதில் சம்பளக் கணக்கும் யூபிஐயும் என்று இருப்பவர் பூட்லோடரைத் திறக்காமல் இருப்பதே சரி. வேண்டாத செயலிகளுக்கு ஏடிபி, விளம்பரத்துக்கு பிரைவேட் டிஎன்எஸ், தோற்றத்துக்கு வேறொரு லாஞ்சர். அவர் கேட்டதில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடும்.

அப்டேட் நின்ற போனை வீட்டில் வைத்திருப்பவருக்கு ரோம் மாற்றம் தாராளமாகத் தகும், ரூட் இல்லாமல். குழந்தையின் பாடத்துக்கோ பாட்டுக் கேட்கவோ ஒரு போன் இன்னும் சில ஆண்டு உழைக்கும்; மின்கழிவாகப் போகாது.

தனியுரிமைக்காக மாற நினைப்பவர் கிராஃபீன்ஓஎஸ் பக்கம் போகலாம். பூட்லோடரைத் திறந்து, ரோமைப் போட்டு, அதன் சொந்தச் சாவியோடு மீண்டும் பூட்டிவிடுவதால் சரிபார்ப்பு முழுமையாக வேலை செய்கிறது. பிக்ஸல் போன்களையே மையமாகக் கொண்டது என்பதும், இந்திய வங்கிச் செயலிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே அறிய வேண்டும் என்பதும் அதன் குறைகள். ரூட் இதற்கு நேர் எதிர்த் திசை. தனியுரிமைக்காக ரூட் செய்கிறவர், எல்லாச் செயலிகளுக்கும் இடையே இருந்த சுவரில் தானே ஒரு வாசல் வைக்கிறார்.

கற்கவோ ஆராயவோ விரும்புகிறவருக்கு ரூட்டைப்போல் நல்ல ஆசிரியர் இல்லை. அதற்குத் தனியாக ஒரு பழைய போன் வேண்டும், வங்கிச் செயலி இல்லாமல். போன் இல்லாதவர் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் எமுலேட்டரில் பிளே ஸ்டோர் இல்லாத இமேஜைத் தேர்ந்தெடுத்தால், பூட்டு எதையும் உடைக்காமலேயே ரூட் கிடைக்கும். கல்லூரி மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

இறங்குவது என்று முடிவெடுத்தவர், தன் போனின் மாடல் எண்ணுக்கும் பில்டுக்கும் அச்சொட்டாகப் பொருந்தும் நிறுவன ரோமை முதலில் கணினியில் இறக்கிவைக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தும் இந்தியப் பதிப்பும் சீனப் பதிப்பும் வேறு வேறாக இருப்பது உண்டு. திரும்பி வருவதற்கும் அதே கோப்புதான் வழி, வரிசையும் முக்கியம்: நிறுவன ரோமை முழுமையாகப் போட்டு, ஒருமுறை போனைக் கிளப்பிப் பார்த்து, எல்லாம் சரியாக ஓடுகிறது என்று உறுதியான பிறகே பூட்லோடரைப் பூட்ட வேண்டும். மாற்றப்பட்ட சிஸ்டம் உள்ளே இருக்கும்போது பூட்டினால், சரிபார்ப்பில் தோற்று, போன் அப்படியே நின்றுவிடும். பூட்டும்போதும் தரவு மறுபடி முழுதாக அழியும். அதன்பின் வங்கிச் செயலிகள் திறக்கும். வைட்வைன் நிலையும் பெரும்பாலான மாடல்களில் திரும்பிவிடும். சாம்சங்கில் மட்டும் எரிந்த ஃப்யூஸ் எரிந்ததுதான். விற்கும்போது வாங்குபவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அந்தப் போனில் செக்யூர் ஃபோல்டர் இனி யாருக்கும் திறக்காது.